நாய்க்கு இன்னும் பெயர் வைக்கவில்லை

செம்பாக்கம்,
18 அக்டோபர், சனிக்கிழமை

அன்பு மகள் ஜெனிக்கு,

மாமா எழுதுகிறேன். நீயும் உன் அப்பா அம்மாவும் நாசரேத்தில் கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலை ஜெபத்தில் உங்கள் மூன்று பேரையும் பெயர் சொல்லிக் கேட்கிறேன். இங்கே நானும் அத்தையும் இருக்கிறோம். சுகமாக என்று சேர்த்து எழுதக் கை வரவில்லை.

போன் இருக்கும்போது மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். என் பிள்ளை ஜோஸ்வின் நம்மை விட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது. நீ ஊருக்குப் போன பிறகு ஆறு தடவை உனக்குப் போன் செய்திருக்கிறேன். ஆறு தடவையும் நீ எடுத்து "மாமா" என்றாய். நான் "சாப்பிட்டியாம்மா" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் வார்த்தை வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராகக் கரும்பலகை முன்னால் நின்றவன் நான். வாயால் வராதது எழுதினால் வரும் என்று ஒரு நம்பிக்கை.

மழை ஆரம்பித்துவிட்டது. பின்பக்கச் சுவர் வழக்கம்போல ஓதம் ஏறி நிற்கிறது. நீ வைத்த கறிவேப்பிலைக் கன்று இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. அத்தை அதில் கை வைப்பதில்லை. கொத்துக் கறிவேப்பிலை கடையிலிருந்துதான் வருகிறது.

நான் எழுத வந்தது நாயைப் பற்றி.

போன வாரம் அதை ராஜகீழ்ப்பாக்கத்தில் கால்நடை டாக்டரிடம் ஊசி போடக் கூட்டிப் போனேன். அட்டை எழுதுகிற பெண் பெயர் கேட்டாள். ஜீவரத்தினம் என்றேன். "உங்க பேர் இல்ல சார், நாயோட பேர்" என்றாள். இன்னும் வைக்கவில்லை என்றேன். "ஆறு மாசம் ஆச்சே சார், இன்னுமா வைக்கல?" என்றாள். பக்கத்தில் பொமரேனியனை மடியில் வைத்திருந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் பெயர் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டு, கீழே ஆண், பழுப்பு நிறம் என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

வீட்டில் நான் அதை "டேய்" என்று கூப்பிடுகிறேன். அத்தை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தட்டைத் தரையில் வைப்பாள். அந்தச் சத்தத்துக்கு அது போகும்.

உனக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். எழுதும்போது ஜோஸ்வின் பேசுகிற சத்தம் கேட்கிறது. மறைமலை நகர் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் அன்பு கொடுத்தான் என்று டிபன் கேரியர் பைக்குள் குட்டியை வைத்து மின்சார ரயிலில் கொண்டு வந்தானே, அன்றைக்கே ஆரம்பித்தது. பின் தெருவில் இரண்டு பைக் திருடு போயிருந்த சமயம். "பேரைக் கேட்ட உடனே திருடன் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமே நின்னுடணும்" என்றான். காலண்டர் அட்டையின் பின்னால் எழுதிக்கொண்டே போனான். டெரர். இரும்பு. கர்ஜனை. எரிமலை. கடைசியில் பூகம்பம்.

குட்டியோ குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். பூகம்பம் என்ற பெயரைக் கேட்டு அத்தைகூட அன்றைக்குச் சிரித்தாள். "நீ வாசல்ல நின்னு பூகம்பம், பூகம்பம்னு கத்தினா பக்கத்து வீட்டுப் பட்டாபிராமன் சார் பீரோ சாவியை எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடி வந்துடுவார்டா" என்றாள். நீ லட்டு என்றாய். "ஆம்பளை நாய்க்கு லட்டா? லட்டுன்னு கூப்பிட்டா திருடன் தட்டை எடுத்துக்கிட்டு வருவான்" என்றான். மூன்று வாரம் இதே பேச்சு. அந்த மூன்று வாரம் போல இந்த வீடு சிரித்ததில்லை.

அவன் மனதில் கடைசியாக எந்தப் பெயர் இருந்தது என்று உனக்குத் தெரிந்தால் இரண்டு வரி எழுது. அதையே வைத்துவிடுகிறேன். தீபாவளி வருகிறது. இப்போதே வெடிச்சத்தம் ஆரம்பித்து, அது என் நாற்காலிக்கு அடியில் படுத்து நடுங்கிக்கொண்டிருக்கிறது. பெயர் சொல்லித் தடவிக் கொடுத்தால் கொஞ்சம் அடங்கும் போலத் தெரிகிறது.

அடக்கத்தன்று எல்லார் முன்னாலும் அத்தை உன்னைச் சொன்னதை நான் மறக்கவில்லை. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

சம்பந்தி ஏசுபாதத்துக்கு என் அன்பைச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

உன் மாமா,
ஜீவரத்தினம்

*

செம்பாக்கம்,
2 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெனிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான்கு வரிதான் எழுதியிருந்தாய். நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று கல்லறைத் திருநாள். ஆராதனை முடிந்து நானும் அத்தையும் தாம்பரம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அவன் இருக்கிற இடத்தில் புல்லைப் பிடுங்கி, சாமந்திப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் அணைந்து அணைந்து போயிற்று. அத்தை தன் முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு அது எரிந்து முடிகிற வரைக்கும் குனிந்தே நின்றாள். எனக்கு மட்டும் அங்கே நிற்க முடியவில்லை. உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது.

"அவர் ஆசைப்பட்ட பூகம்பம் என்ற பெயரையே வைத்துவிடுங்கள் மாமா. அன்றைக்கே நான் விட்டுக்கொடுத்திருந்தால் அவர் கோபமாக வண்டியை எடுத்திருக்க மாட்டார். அத்தை சொன்னது சரிதான்" என்று எழுதியிருக்கிறாய்.

அத்தை சொன்னது சரியில்லை ஜெனி. அது சரியில்லை என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். போன கடிதத்தில் அவன் மனதில் எந்தப் பெயர் இருந்தது என்று உன்னைக் கேட்டேனே, அதுவும் தெரிந்துகொண்டே கேட்டதுதான். நீயாக ஏதாவது சொல்லி ஆரம்பித்தால் நானும் சொல்லிவிடலாம் என்று கோழைத்தனமாக ஒரு வழி பார்த்தேன். நீ பழியை எடுத்து உன் தலையிலேயே வைத்துக்கொண்டாய்.

ஜூன் பதினாலாம் தேதி சாயங்காலம் ஐந்தரை மணி. "இன்னைக்கு ஒரு பேர் முடிவாகாம நான் இதுக்குச் சோறு வைக்க மாட்டேன்" என்று நீ சமையலறையிலிருந்து சொன்னாய். "பூகம்பம்னா பூகம்பம்தான், பேச்சே கிடையாது" என்று அவன் கத்திவிட்டு வெளியே வந்தான். அத்தையின் காதில் விழுந்தது இந்தச் சண்டையும், அப்புறம் பைக் கிளம்பிய சத்தமும்தான். உனக்கும் அவ்வளவுதான் தெரியும். நடுவில் ஐந்து நிமிஷம் இருந்தது. அந்த ஐந்து நிமிஷத்தை நான்கரை மாதமாக நான் மறைத்து வைத்திருக்கிறேன்.

நான் கேட்டருகே பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் கோபமாக வரவில்லை, ஜெனி. உள்ளே திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான். "லட்டுவே இருக்கட்டும்பா. நேத்து யாரும் இல்லாதப்போ நானே லட்டுன்னு கூப்பிட்டுப் பார்த்தேன், வாலை ஆட்டிக்கிட்டு ஓடி வருது. அவ வெச்ச பேருக்குத்தான் அது திரும்புது. ஆனா இப்பவே போய்ச் சொன்னா என் கெத்து என்னப்பா ஆகும்? ஏழு மணி வரைக்கும் முறைச்சுக்கிட்டு இருந்துட்டு அப்புறம் சொல்றேன்" என்றான்.

அப்படியே உள்ளே திரும்பியிருப்பான். நான்தான் கூப்பிட்டேன்.

எனக்கு அப்போது ஒரு சிகரெட் வேண்டியிருந்தது. வேறு ஒரு காரணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது சிகரெட்டை விடுவதாக அத்தையிடம் சத்தியம் செய்தேன் அல்லவா, விடவே இல்லை. பள்ளிக்கூட நண்பர்களைப் பார்க்கப் போகிறேன் என்று போய் ஊதிவிட்டு, வழியில் கொய்யாப்பழம் தின்று வாசனையைப் போக்கிக்கொண்டு வருவேன். ஜோஸ்வினுக்கு மட்டும் தெரியும். அன்றைக்கும் திட்டினான். "டாக்டர் என்ன சொன்னார்னு மறந்துபோச்சாப்பா?" என்றான். நான் சின்னப் பிள்ளை மாதிரி கெஞ்சினேன். சரி என்று தெருமுனைக் கடைக்கு நடக்கப் போனவனை நிறுத்தி, "அங்க வேண்டாம்டா, கடைக்காரர் நம்ம சர்ச்சு, உங்க அம்மாகிட்ட சொல்லிடுவார். வண்டியை எடுத்துக்கிட்டு கேம்ப் ரோடு போயிட்டு வந்துடு" என்றேன்.

நடந்து போயிருந்தால் நாலு நிமிஷத்தில் வந்திருப்பான். வண்டியை எடுக்கச் சொன்னதும் நான். மெயின் ரோட்டுக்கு அனுப்பியதும் நான். வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் அந்தத் தண்ணி லாரி.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தாரே, உனக்கு நினைவிருக்கும். வாட்ச், பர்ஸ், உடைந்த போன், அதோடு பிரிக்காத சிகரெட் பாக்கெட். "உங்க பையன் சிகரெட் குடிப்பாரா சார்?" என்று கேட்டார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் தொடவே மாட்டாரே, மாமா நீங்க சொல்லுங்க" என்றாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல், "வயசுப் பையன், நமக்குத் தெரியாம ஏதாவது இருந்திருக்கும்" என்றேன். என் கையை நீ மெதுவாக விட்டாய். செத்துப்போன பிள்ளை மேல் என் பொய்யைப் போட்டேன். கூடவே, உன் புருஷன் உன்னிடம் எதையோ மறைத்தான் என்று உன்னையும் நினைக்க வைத்தேன். அவன் எதையும் மறைக்கவில்லை, ஜெனி. உனக்குத் தெரிந்த ஜோஸ்வின்தான் கடைசி வரைக்கும் ஜோஸ்வின்.

மறுநாள் பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஹாலில் அத்தனை சொந்தக்காரர்களும் நிற்க, "ஒரு நாய்ப் பேருக்காக என் பிள்ளையை ரோட்டுக்குத் துரத்திவிட்டியே" என்று அத்தை உன்னைப் பார்த்துக் கத்தினாள். நீ சுவரோடு சுவராக நின்றாய். இரண்டு அடி தள்ளி நான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்க அப்போது ஒரு நொடி போதும். எனக்கு அந்த நொடியில் தோன்றியது என்ன தெரியுமா? உன் அத்தை தபீதாளுக்குத் தெரிந்தால் என் முகத்தைப் பார்க்க மாட்டாளே என்பதுதான். பிள்ளை பெட்டிக்குள் கிடக்கும்போது எனக்கு அந்தக் கவலை.

பத்தாம் நாள் சம்பந்தி வந்து உன்னைக் கூட்டிப் போனார். ஆட்டோவில் ஏறுகிறவரைக்கும் நீ எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாய். இரு என்று யாராவது சொல்வார்களா என்று பார்த்தாயோ என்னவோ. நான் உன் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துக் கொடுத்தேன்.

அந்தப் பாக்கெட் என் மேஜை டிராயரில் இருக்கிறது. பிரிக்கவில்லை. அவன் கையால் கடைசியாக வாங்கிய பொருள். தூக்கி எறியவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

மன்னித்துவிடு என்று எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தேன். அந்த வார்த்தையை எழுதினால் பதிலுக்கு நீ ஒன்று சொல்ல வேண்டி வரும். நீ அப்படிப்பட்ட பெண். உனக்கு அந்தச் சுமையும் வேண்டாம். அவன் கோபத்தோடு போகவில்லை. உன்னிடம் தோற்றுவிட்டு, அதைச் சொல்ல ஏழு மணிக்காகக் காத்திருந்தான். இதை மட்டும் வைத்துக்கொள். உனக்குச் சேர வேண்டியதை இத்தனை நாள் கழித்துக் கொடுக்கிறேன்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை நாளைக்குத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து சொல்லப்போகிறேன். உனக்கு முதலில் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

ஜீவரத்தினம்

*

செம்பாக்கம்,
19 நவம்பர், புதன்கிழமை

அன்பு ஜெனிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்த்து இதை எழுதவில்லை. இது அத்தைக்காக எழுதுவது.

அன்றைக்குத் தபாலாபீஸிலிருந்து வந்ததும் அவளிடம் சொன்னேன். சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடவில்லை. நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அழுவாள், கத்துவாள், ஏதாவது எடுத்து எறிவாள் என்று நினைத்தேன். "அந்தப் பொண்ணுக்கு எழுதிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன். மீனைக் கழுவி முடித்து, மசாலா தடவி, பொரித்து, என் தட்டில் வைத்துவிட்டு, நீயும் ஜோஸ்வினும் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் படுக்கையும் துணியும் இப்போது அங்கேதான் இருக்கின்றன.

அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு வந்தது, மாத்திரை வந்தது. முகம் வரவில்லை. அந்த அறைக்குள்ளிருந்து ஒரு தடவை "எம்மேல எம்புட்டு நம்பிக்கை வெச்சு வந்த புள்ள" என்று அவள் தனக்குத்தானே சொல்வது கேட்டது. அவள் ஊர்ப் பேச்சு இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் வாயில் வந்தது அன்றைக்குத்தான்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் வெளியே போனாள். அதைத் தொடாதவள், பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், எங்கே கொண்டுபோய் விடப்போகிறாளோ என்று எனக்குப் பதறியது. கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே நடந்தேன். ராஜகீழ்ப்பாக்கத்து டாக்டர் வீட்டுக்குத்தான் போனாள். நான் வெளியே ஜன்னலோரம் நின்றேன். அட்டையை நீட்டி, "பேர் எழுதணும்" என்றாள். அந்தப் பெண் பேனாவை எடுத்துக்கொண்டு என்ன பெயர் என்றாள். "லட்டு." அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆம்பளை நாய்க்கு யாரும்மா இந்தப் பேர் வெச்சது? நல்லா டெரரா ஒண்ணு வெச்சிருக்கலாமே" என்றாள்.

"என் மருமக வெச்சா. என் மகன் சரின்னு சொல்லிட்டான்" என்றாள் அத்தை. அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதினாள்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. என்னைப் பார்த்துவிட்டாள். குடைக்குள் வரச் சொல்லவில்லை. ஆனால் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. அதற்குமேல் கேட்க எனக்கு வாய் இல்லை.

நேற்று வந்து என் மேஜை மேல் ஒரு ரயில் டிக்கெட்டை வைத்தாள். "வர்ற செவ்வாய்க்கிழமை திருச்செந்தூர் ரயில்ல நாசரேத்துக்குப் போறேன். நீங்க வர வேண்டாம்" என்றாள். பதினாறு நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. சம்பந்திக்கும் சொல்லக் கூடாது என்றாள். நான் அவளுக்குத் தெரியாமல் உனக்கு எழுதுகிறேன். அவளுக்குத் தெரியாமல் நான் செய்வதில் இது ஒன்றாவது நல்லதாக இருக்கட்டும்.

புதன்கிழமை காலையில் இறங்குவாள். உனக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருப்பதாகப் போன மாதம் சம்பந்தி சொன்னார். ஒரு மணி நேரம் தாமதமாகப் போக முடியுமா என்று பார். உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிடுவாள். அதற்குமேல் அவளுக்குக் கால் வராது. கேட்டைத் தட்டாமல், பையைக் கையில் பிடித்துக்கொண்டு, வேறு யார் வீட்டையோ தேடி வந்தவள் மாதிரி நிற்பாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வருகிறாள். கேட்கத் தெரியாது. வீட்டில் எல்லாரும் நல்லாயிருக்கீங்களா என்று ஆரம்பித்து, மழையைப் பற்றிச் சொல்லி, உன் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்து, அடுத்த ரயிலுக்குக் கிளம்பிவிடுவாள்.

நீ அவளை மன்னிக்க வேண்டும் என்று கேட்க நான் யார்? அவள் உன்னைச் சொன்ன சொல் என் மௌனத்திலிருந்து வந்தது. கோபப்பட உனக்கு மிச்சம் இருந்தால் அதை எனக்கு வைத்துவிடு, நான் தாங்கிக்கொள்கிறேன். உனக்கு இருபத்தேழு வயது. நாளைக்கு உனக்கென்று ஒரு வாழ்க்கை அமையும்போது இந்த வீட்டை நினைத்துத் தயங்காதே. நீ எங்கே போனாலும் அந்த வீட்டில் வெளிச்சம் இருக்கட்டும். உன் சிரிப்பு உனக்குத் திரும்பி வரட்டும். இதைத்தான் இனி என் ஜெபத்தில் கேட்பேன்.

புதன்கிழமை காலையில் மட்டும் கொஞ்சம் வாசலைப் பார்த்துக்கொள், ஜெனி. அவள் தட்டுகிறவரைக்கும் காத்திருக்காதே. நீயே கேட்டைத் திறந்து, ஒரே ஒரு தடவை, "அத்தை" என்று கூப்பிட்டுவிடு.

ஜீவரத்தினம்